நான் தட்டும் இடம் தெரிந்தவனுக்கு

மகனே,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீயே "சோக்கா கீறேன் நைனா" என்று சொல்லிவிட்டாய். "நானும் நல்லாத்தான் கீறேன்" என்று நானும் சொன்னேன். நீ சொன்னது நிஜமாக இருக்கலாம். நான் சொன்னது பச்சைப் பொய். எனக்கு வயிறு எரிந்துகொண்டிருக்கிறது. அதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நான் கத்துவேன், உன் அம்மா குறுக்கே வந்து போனைப் பிடுங்குவாள், நீ "லைன் சரியில்ல நைனா, அப்பால பேசறேன்" என்று வைத்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? தெரியும் என்றுதான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஷார்ஜாவில் உன் அறையில் கூட இருக்கிற பையன்கள் வெளியே போன பிறகு தனியாக உட்கார்ந்து படி.

விஷயம் இதுதான். உனக்கும் ரெஜினாவுக்கும் கோயிலில் இரண்டு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. ராயபுரத்தில் நம் கோயிலிலும் திருவொற்றியூரில் அவர்கள் கோயிலிலும் சாமியார் உங்கள் இருவர் பெயரையும் வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சொல்லியிருக்கிறார். மூன்றாவது ஓலை வருகிற ஞாயிறு. அது முடிந்தால் பிறகு தாலிதான். இந்த நேரத்தில் புதன்கிழமை ரெஜினாவின் அப்பா பிரகாசம் நம் வீட்டுக்கு வந்தார். கையில் வழக்கமான பழப்பை இல்லை. உன் அம்மா காபி போட உள்ளே போனதும், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க புள்ள போன்ல ஒரு கதை சொன்னானாம், பொண்ணு வந்து சொல்லிச்சு. ஏதோ பழைய மோரிஸ் வண்டியாம். ஊரே நம்புற நைனாவையே டபாய்ச்சி வித்துட்டானாம். அவன் சிரிச்சிகினே சொன்னானாம், இதுவும் சொல்லிட்டு சிரிச்சிகினே கீது. எனக்கு சிரிப்பு வரல. அந்தக் கதை மெய்யா?"

அவரே மேலே பேசினார். "பெத்த அப்பனையே ஏமாத்தினவன நம்பி எம் பொண்ண குடுக்கலாமா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. குடுன்னா குடுக்கறேன், வாணாம்னா நிறுத்திடறேன். மறுபேச்சு கெடையாது." ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா வந்து இரண்டு டம்ளர் காபியையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

நான் கண்டுபிடிக்கவே இல்லை என்றுதானே இத்தனை வருஷமும் நினைத்தாய்? எனக்குத் தெரியும்டா. அந்த வண்டியைப் பிரித்த அன்றைக்கே தெரியும். ஆனால் நீ அதை ஒரு வேடிக்கைக் கதையாக்கி, கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்குச் சொல்லிச் சிரிக்கவைப்பாய் என்று மட்டும் எனக்குத் தெரியாது. அதனால் முழுக்கதையையும் இப்போது நான் சொல்கிறேன். உனக்குத் தெரிந்தது பாதிதான்.

முதலில் எனக்குப் பெண் கொடுத்த விதத்தைக் கேள், அப்போதுதான் பிரகாசம் என்ன கேட்கிறார் என்று உனக்குப் புரியும். உன் அம்மாவின் அப்பா என்னைப் பற்றி விசாரிக்க நேராக என் அப்பாவிடமே வந்தார். என் அப்பா, "எம் புள்ள கோவக்காரன். வாய் ஜாஸ்தி. மீன் வாங்கத் தெரியாது, நாத்தம் புடிச்சத வாங்கிகினு வருவான். ஆனா பொம்பள மேல கை நீட்ட மாட்டான், சொன்ன சொல்லு மாறமாட்டான்" என்றார். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டு பல்லைக் கடித்தேன், கிழவன் கல்யாணத்தையே கெடுக்கிறாரே என்று. உன் அம்மாவின் அப்பா எழுந்து என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இதுக்கு மேல நான் எங்கேயும் விசாரிக்கப்போறதில்ல என்று சொல்லிவிட்டுப் போனார். குறையைச் சேர்த்துச் சொல்கிறவன் நல்லதைச் சொன்னாலும் நம்பலாம் என்பது அவர் கணக்கு. நம் பக்கத்தில் ஒருத்தருக்காக ஒருத்தர் வார்த்தை கொடுப்பது இப்படித்தான்.

என் பிழைப்பும் அந்தக் கணக்கில்தான் நடந்தது. ஹார்பருக்குள் லாரி ஷெட்டில் தகர வேலை செய்து ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் யாராவது ஒருத்தர் கோயில் வாசலில் காத்திருப்பார். பழைய ஆஸ்டின், பழைய ஃபியட், ஹெரால்டு, மோரிஸ் என்று எதையாவது வாங்கப்போவார், வந்து ஒரு பார்வை பார்க்கச் சொல்வார். அப்போது பழைய வண்டிக்கு மவுசு ஏறிக்கொண்டிருந்த நேரம். தாத்தா காலத்து வண்டி வீட்டு வாசலில் நிற்பது பெருமை என்று காசு உள்ளவர்கள் கிளம்பியிருந்தார்கள். அவர்கள் எல்லாரும் என்ஜின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுவார்கள், சீட்டைத் தடவுவார்கள். எனக்குச் சிரிப்பு வரும். என்ஜினை இறக்கி வேறு வைக்கலாம், சீட்டைத் தைக்கலாம், பம்பருக்கு முலாம் பூசலாம். உடம்பு போன பழைய வண்டிக்கு மதிப்பே கிடையாது. அதே மாதிரி, தொழிற்சாலையிலிருந்து வந்த தகரம் அப்படியே இருந்தால், பெயின்ட் மங்கி, நாலு இடத்தில் நசுங்கி நின்றாலும் அதுதான் விலை உள்ள வண்டி. புத்தம்புது பெயின்ட் பளபளக்கிற பழைய வண்டியைப் பார்த்தால் முதலில் பயப்படவேண்டும். எதை மூட இத்தனை அழகு என்று கேட்கவேண்டும்.

நம் பக்கத்து வண்டிகளுக்கு உப்புக் காற்றுதான் எமன். அது வெளியிலிருந்து தின்னாது. கதவுக்குள்ளே, தரைக்கு அடியிலே, தண்ணீர் தங்குகிற இடத்தில் உட்கார்ந்து உள்ளிருந்து தின்றுகொண்டு வரும். மேலே ஒரு கொப்புளம் தெரிகிறபோது உள்ளே கதை முடிந்திருக்கும். அந்த ஓட்டையைத் தகரம் வைத்து வெல்டு பண்ணாமல் பட்டியைக் குழைத்து அப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் நான் தட்டுவேன். நல்ல தகரம் டங்கென்று பேசும், பட்டி டொப்பென்று ஊமையாகிவிடும். கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தை ஓட்டிப் பார்ப்பேன், பட்டி மேல் அது நிற்காது. மிதியடியைத் தூக்கிக் கட்டைவிரலால் தரையை அமுக்குவேன். பின்னால் ஆளை உட்காரவைத்து முன் கதவைச் சாத்திப் பார்ப்பேன், உடம்பு தொய்ந்த வண்டியில் கதவு இடிக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால், காலை வெயிலில் வண்டியின் பக்கவாட்டில் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன். எதிர்ச் சுவரின் நிழல் தகரத்தில் நேராக விழுந்தால் சரி. அலை அலையாக விழுந்தால் அங்கே யாரோ கைவேலை செய்திருக்கிறார்கள்.

அந்தக் கண்தான் எனக்குப் போயிற்று. புரை வந்து எல்லாமே புகைமூட்டமாகத் தெரிய ஆரம்பித்தபோது, இனிமேல் யாருடைய வண்டியையும் பார்க்கமாட்டேன் என்று சொன்னேன். நீதான் கேட்கவில்லை. டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாய். "நான் இட்டுகினு போறேன் நைனா. கைக்கு நீ, கண்ணுக்கு நான்" என்று மொபெட்டில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போவாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? கோயில் வாசலில் எல்லாரிடமும் சொல்வேன், என் பையன்தான் எனக்குக் கண் என்று. நீ வண்டியின் பக்கத்தில் குனிந்து பார்த்து "அலை கீது நைனா, பின் கதவாண்ட" என்று சொன்னால் நான் போய் அங்கே தட்டுவேன், டொப்பென்று கேட்கும். ஒரு தடவைகூட நீ தப்பாகச் சொன்னதில்லை. அந்த மோரிஸ் வரும்வரை.

சவரி உனக்கு யார் என்று நான் ஞாபகப்படுத்தவேண்டியிருப்பதே கேவலம். ஞானஸ்நானத் தொட்டியில் உன்னைக் கையில் ஏந்தின ஞானத்தகப்பன். எனக்கு அரைடிராயர் காலத்திலிருந்து தோஸ்து. எண்ணூர் பக்கம் அவன் வேலைபார்த்த கம்பெனியில் வி.ஆர்.எஸ். கொடுத்து வீட்டுக்கு அனுப்பியபோது, வந்த பணத்தை என்ன செய்வது என்று அவன் யோசித்த யோசனை எல்லாம் நம் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துதான். நம் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்ணு மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்குப் பழைய வண்டியில் அழைத்துப்போவது அப்போது ஒரு பேஷனாக இருந்தது. வண்டி ஒன்று வாங்கி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தானே ஓட்டி வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னான். "கல்யாண வூட்டுக்குப் போற தொழிலுபா, எப்பவும் மஜாவா இருக்கலாம்" என்று சிரித்தான். நீதான் வண்டி இருப்பதாகச் சொன்னாய். கோத்தகிரியில் ஒரு எஸ்டேட்காரர் வீட்டு ஷெட்டில் கிடந்ததாம், உப்புக் காற்றே படாததாம், ஒரு புரோக்கர் இறக்கிக்கொண்டு வந்திருக்கிறாராம். மலையில் கிடந்த வண்டி என்றால் எங்களுக்கெல்லாம் காது நிமிரும், அது உனக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு மூன்று பேரும் போனோம். வெள்ளைக்கும் சந்தனத்துக்கும் நடுவான நிறம் என்று நீ சொன்னாய். எனக்கு ஒரு வெளிச்சமாகத்தான் தெரிந்தது. புதுப் பெயின்ட் வாசனை அடித்தது. எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்தது. "புதுசா அடிச்சிருக்கான், ஏன்டா?" என்று கேட்டேன். "மலைல மழையில நின்னு கலர் வெளுத்துச்சாம் நைனா, மேலால தான் அடிச்சிருக்கான்" என்றாய். குனிந்து பார்க்கச் சொன்னேன். "அலை கீதாடா?" என்றேன். நீ நிதானமாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்ப் பார்த்துவிட்டு, "இல்ல நைனா, கண்ணாடி மாதிரி கீது" என்றாய். நான் கையை வைத்தேன். தட்டின இடமெல்லாம் டங் டங்கென்று பேசிற்று. காந்தம் கவ்விக்கொண்டது. தரையை அமுக்கினேன், கல் மாதிரி இருந்தது. பின் சீட்டில் உட்காருங்கள் என்றதும் நீ சவரியைத் தள்ளிக்கொண்டு இடது பக்கமாகவே நெருக்கி உட்கார்ந்தாய். கதவு இடிக்காமல் சாத்திற்று. நான் சவரியின் தோளில் தட்டி, "கண்ண மூடிகினு வாங்குபா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தவன் நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

சவரி அந்த வண்டியைக் குழந்தை மாதிரி துடைத்தான். கோடையில் கல்யாணங்கள் ஆரம்பித்தன. ஒரு கல்யாணத்தில், கோயிலிலிருந்து பெண்ணு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்புகிற முனையில், ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியபோது வலது பக்கத் தரை அப்படியே கழன்று ரோட்டில் விழுந்தது. மோரிஸ் வண்டிக்கு லாரி மாதிரி தனியாக அடிச்சட்டம் கிடையாது, தரையும் கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டியும் சேர்ந்துதான் ஆளைத் தாங்கவேண்டும். கல்யாணப் பெண்ணின் கால் ஓட்டை வழியாக ரோட்டுக்கு இறங்கிவிட்டது. சவரி பிரேக் போட்டிருக்காவிட்டால் கால் போயிருக்கும். கிழிந்த தகரம் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை கீறிவிட்டது. வெள்ளைப் புடவை முழுக்க ரத்தம். பெண்ணின் அண்ணன்மார் சவரியைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்து, நடுரோட்டில் போட்டு அடித்தார்கள். ரிட்டயர் ஆன மனுஷன். முன்பல் போயிற்று. இன்றைக்கும் அவன் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறானே, அது அந்த அடிதான்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அவன் என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான். "உன் மேல தப்பு இல்லபா. நீ பார்த்து சொன்னா சரியாத்தான் இருக்கும். நான்தான் இன்னாவோ கோட்ட வுட்டுட்டேன்." அதைவிட அவன் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். நீ அன்று விசா மெடிக்கலுக்காக பம்பாய் போயிருந்தாய். திரும்பி வந்ததும் உன் அம்மா விஷயத்தைச் சொன்னாள். வறுத்த மீனைப் பிட்டுக்கொண்டே "ச்சே, பாவம் சவரி மாமா" என்றாய். உச்சுக்கொட்டினாய். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீ பம்பாயில் இருந்தபோதே நான் வண்டியைப் பிரித்துவிட்டேன் என்பதுதான் உனக்குத் தெரியாத மீதிப் பாதி. போலீஸ் விட்டதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சவரி வீட்டுப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண் தெரியாது, விரலால்தான் பார்த்தேன். பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. அடியில் சிமென்ட் சாக்குத் துணி, எண்ணெய் டின்னை வெட்டி ஒட்டின துண்டுகள். கதவுக்குக் கீழே இருக்கிற பெட்டியை உடைத்ததும் மணல் கொட்டிற்று. கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்தேன். சிப்பித் தூள் நெருடிற்று. கோத்தகிரியில் எந்தக் கடலடா அலையடித்தது? எண்ணூர் கரையோரம் எங்கேயோ மண்ணில் புதைந்து நின்ற வண்டி அது. சரி, புரோக்கர் ஏமாற்றிவிட்டான், பையனுக்கும் தெரியவில்லை என்றுதான் அப்போதும் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு விரலில் நல்ல தகரம் பட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு, அருமையாக வெல்டு பண்ணியிருந்தது. அதைச் சுற்றி ஒரே பட்டி. கொஞ்சம் தள்ளி இன்னொரு துண்டு. முன் மட்கார்டில் நான் தட்டுகிற இடத்தில் ஒன்று. கதவின் அடி மூலையில் ஒன்று. தரையில் என் கட்டைவிரல் போகிற இடத்தில் ஒன்று. இடது பக்க சீட்டுக்கு அடியில் மட்டும் ஒரு இரும்பு ஆங்கிள். நான் இறங்கும்போது பிடித்துக்கொள்கிற தூணில்கூட ஒரு துண்டு. மற்ற இடமெல்லாம் உளுத்துப்போயிருந்தது. என் கை எங்கே போகும் என்று எந்த புரோக்கருக்குத் தெரியும்? எனக்கே அப்படி வரிசையாகத் தட்டுகிறேன் என்று அதுவரை தெரியாது. என் பக்கத்திலேயே நின்று, ஞாயிறு ஞாயிறாகப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, வாய்விட்டு அழுதேன்.

அப்போதும் மனசு கேட்கவில்லை. புளியந்தோப்புக்கு பஸ் ஏறி பெயின்டர் ஏழுமலையைத் தேடிப் போனேன். அந்த நிறத்தைக் கலக்குகிறவன் அவன்தான். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கீழே போட்டான்.

"அடிக்காத நைனா. நான் சொல்லிடறேன். உம் புள்ளதான் சாக்பீஸ எடுத்துகினு வந்து மார்க் போட்டான். இங்க நைனா தட்டுவாரு, இங்க காந்தம் வைப்பாரு, இங்க வெரலால அமுக்குவாரு, அந்த எடத்துல மட்டும் நல்ல தகரமா வை, மத்தது இன்னாவோ பண்ணிக்கோன்னான்."

"நீ ஒண்ணும் கேக்கலியா ஏழுமல?"

"கேட்டேனே. இன்னாடா, பெத்தவருக்கேவா இந்த வேலைன்னு கேட்டேன். சிரிச்சான் நைனா. நைனாவுக்கு கண்ணு தெரியாது, கைய மட்டும் கவனிச்சா போதும்னான்."

அடப்பாவி. என் கண்ணில் புரை என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேனே. நீ புரோக்கரிடம் வாங்கின பங்கு ஷார்ஜா வேலைக்கு அனுப்பின ஏஜென்டுக்குப் போயிற்று என்று பிறகு தெரிந்தது. அதைக்கூட நான் விட்டுவிடுகிறேன். வேலை கிடைக்காத பையன், வெளிநாடு போகிற வெறி, கெட்ட புத்தி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏன் சவரி என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் நான் பார்த்த பிறகு இன்னொரு ஆளைக் கூட்டிவந்து ஒரு பேச்சுக்குக் காட்டியிருப்பார்கள். சவரி காட்டமாட்டான். அது உனக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேருடைய நம்பிக்கையையும் அளவெடுத்துத்தான் அந்த வண்டியைச் செய்திருக்கிறாய்.

நேராக சவரி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மனைவி கதவோரம் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டு கேட்டாள். என் வீட்டை விற்றாவது சரிக்கட்டுகிறேன் என்று நான் ஆரம்பித்ததும் சவரி பேசவே விடவில்லை. உதடு வீங்கியிருந்தது. பிறகு கேட்டான்.

"பையன் எப்போ போறான்?"

"வர்ற வாரம் பிளேனு."

"அப்ப வாயத் தொறக்காத. அவன்கிட்டயும் கேக்காத. கேட்டா பேஜாராயிடும், கோச்சிகினு பூடுவான், இல்ல போவாம வுட்டுடுவான். பொண்ணு வூட்டுக்காரன் கேஸ் கீஸு போட்டான்னா அவன் பாஸ்போர்ட்டுதான் மாட்டும். வண்டி எம் பேர்ல கீது, நான் பாத்துக்கறேன். நான் தூக்கின புள்ளபா அது."

அப்படித்தான் அவன் போலீசில் தானே சரியாகப் பராமரிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தான். இப்போது மணலியில் ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருக்கிறான். வாட்ச்மேன் வேலை பிடித்துப்போய்த்தான் பார்க்கிறேன் என்று நீ லீவில் வந்தபோது உன்னிடம் சொன்னானே, நீயும் தலையாட்டினாயே. நான் மீனம்பாக்கத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று உனக்குக் கை காட்டினேன். நீ திரும்பித் திரும்பிப் பார்க்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். ஒரு தடவையாவது ஓடி வந்து, நைனா ஒரு தப்பு பண்ணிட்டேன் என்று சொல்வாய் என்று நினைத்தேன். உன் அம்மா நான் பிரிவுக்காக அழுகிறேன் என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளுக்கு இந்தப் புதன்கிழமைதான் தெரியும். அவள் இன்னும் உன் பக்கம்தான், "சின்ன வயசுல பண்ணது, கல்யாணத்த கெடுக்காதீங்க" என்று இரண்டு நாளாகச் சாப்பிடாமல் இருக்கிறாள்.

அப்புறம் கண் ஆபரேஷன் செய்துகொண்டேன், பார்வை தெளிந்தது. ஆனால் யார் கூப்பிட்டும் வண்டி பார்க்கப் போகவில்லை. கண் இன்னும் சரியாகவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ வருத்தப்பட்டிருப்பாய், ஷார்ஜாவில் தூக்கம் வராமல் தவித்திருப்பாய், சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நானாகவே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். வருஷக்கணக்காக அந்தக் கதையில்தான் உன்னை மன்னித்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை பிரகாசம் வந்து "சிரிச்சிகினே சொன்னானாம்" என்றதும் அது மொத்தமாகப் போயிற்று. ஏமாற்றினதுகூட ஒரு தடவை வலித்தது. சிரித்தாய் என்பது இதை எழுதும்போதும் வலிக்கிறது.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்லவேண்டுமாம். ஒன்றே ஒன்று சொல்கிறேன். ரெஜினாவிடம் உன் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லி அவளைச் சிரிக்கவைக்காதே. இன்றைக்குச் சிரிப்பாள். என்றைக்காவது நீ ரொம்ப அன்பாகப் பேசும்போது அவளுக்கு அந்தக் கதை ஞாபகம் வரும். உன் பக்கத்தில் படுத்துக்கொண்டே யோசிப்பாள். எனக்கு உன்னைப் பற்றி அப்படித்தான் ஆகிவிட்டது. நீ போனில் "உடம்ப பாத்துக்கோ நைனா" என்று சொன்னால், இதில் என்ன வேலை இருக்கிறது என்று தேடுகிறேன். பெற்ற பிள்ளையிடம் அப்படித் தேடுவது நரகம்டா.

இன்று காலை பிரகாசத்திடம் போய், அந்தப் பெண்ணின் கால் கிழிந்ததுவரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "கதை மெய்தான் சம்பந்தி. நீங்க எம் வார்த்தைய கேக்கறீங்க. இவன் விஷயத்துல எம் வார்த்த செல்லாது, எனக்கே இவன தெரியாது. அடி வாங்கினவன் ஒருத்தன் கீறான், சவரின்னு. எம் புள்ள அவன்கிட்ட போய் நின்ன பிற்பாடு அவன் வாயால கேளுங்க. அவன் குடுன்னா குடுங்க." அவர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ரெஜினா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கல்யாணப் பெண்ணின் காலுக்கு எத்தனை தையல் என்று வெளியே வந்து கேட்டாள். அதை நீ அவளுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. அங்கிருந்து நம் கோயிலுக்கு வந்து, மூன்றாவது ஓலையை இந்த ஞாயிறு வாசிக்கவேண்டாம் என்று சாமியாரிடம் கேட்டுக்கொண்டேன். என்ன தடை என்று கேட்டார். தடை ஒன்றும் இல்லை, பையன் ஒரு வீட்டுக்குப் போய்வரவேண்டியது பாக்கி என்றேன். கல்யாணத்தை நிறுத்தினது பிரகாசம் இல்லை, நான்தான். கோபப்படுவதானால் என்மேல் படு.

லீவு போட்டுவிட்டு வா. பிளேன் இறங்கினதும் நம் வீட்டுக்கு வராதே, நேராக சவரி வீட்டுக்குப் போ. அவன் வாசலுக்கு ஓடி வருவான், மாப்பிள்ளை வந்தாச்சு என்று கட்டிக்கொள்வான், காபி போடச் சொல்வான். நீ அந்தக் கதையை ரெஜினாவிடம் சொல்லிச் சிரித்தது அவனுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. மன்னிப்பு கேட்டு அழாதே. நீ அழுதால் அவன் தாங்கமாட்டான், உடனே மன்னித்துவிடுவான், அது உனக்கு ரொம்பச் சுலபம். அவன் எதிரில் உட்கார்ந்து, ரெஜினாவிடம் எப்படிச் சொன்னாயோ அதே கதையை, ஒரு வார்த்தை மாற்றாமல் அவனுக்குச் சொல். சாக்பீஸ் மார்க்கைச் சொல். நைனாவுக்குக் கண் தெரியாது என்று சொன்னதைச் சொல். அவளிடம் எந்த இடத்தில் சிரித்தாயோ, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த இடத்தில் சிரி.

சிரிக்க முடியவில்லை என்றால் அங்கேயே உட்கார்ந்திரு. நான் வந்து உன்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன் நைனா